நாலாவதும் பெட்டையா?

போன விடுமுறைக்கு எங்களில் ஒருத்தியின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அக்காவுக்கு மூன்று பொம்பிளைப் பிள்ளைகள், நாலாவது வயிற்றில். பக்கத்து வீட்டு அன்ரி வந்தவுடனேயே தொடங்கினா: "மூண்டும் பெட்டை தானே, இந்த முறை கட்டாயம் பொடியன்தான்." தேத்தண்ணி குடித்து முடிய முன்னமே கதை மாறிவிட்டது. "உனக்குப் பெட்டை ராசி பிள்ளை, இதுவும் பெட்டையாத்தான் இருக்கும்." அக்கா சிரித்துச் சமாளித்தா.

இரண்டு கதையும் பிழை. அதைக் காட்ட ஓ.எல். கணக்கே போதும். நிகழ்தகவில் மரவரிப்படம் கீறினோமே, ஞாபகம் இருக்கா? பையில் சிவப்புப் பந்து, நீலப் பந்து. ஒன்றை எடு, திருப்பிப் போடு, இன்னொன்றை எடு. அந்த மரம் பெரும்பாலும் இரண்டாம் படியோடு நின்றுவிடும். பிறகு கலைப்பிரிவுக்கு வந்தோம், கணக்குக்குக் கும்பிடு போட்டாச்சு. பல்கலைக்கழகத்தில் 'ஈருறுப்புப் பரம்பல்' என்று அது திரும்பி வந்தபோது சூத்திரத்தைப் பார்த்தே வெருண்டோம்.

உண்மையில் அது அதே மரம்தான். நாலு படிக்குக் கீறிப் பாருங்கள். ஒவ்வொரு பிறப்பிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அரைவாசி அரைவாசி வாய்ப்பு என்று வைப்போம். (ஏறத்தாழ 100 பெண்ணுக்கு 105 ஆண் பிறக்கிறார்கள், அந்தச் சின்ன வித்தியாசத்தை இப்போதைக்கு விடுவோம்.) நுனியில் 16 கிளைகள், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. நாலும் பெண் என்பது 1 கிளை. மூன்று பெண், ஒரு ஆண் என்றால் 4 கிளை, ஏனென்றால் அந்த ஒருவன் மூத்தவனாகவும் இருக்கலாம், கடைக்குட்டியாகவும் இருக்கலாம், நடுவில் இரண்டு இடமும் இருக்கு. இரண்டுக்கு இரண்டு 6. பிறகு 4, 1. சூத்திரத்தில் என்.சி.ஆர். என்று எங்களை வெருட்டியது இந்தக் கிளை எண்ணுகிற வேலைதான்.

இப்ப பாருங்கள், எல்லாரும் ஆசைப்படுகிற 'இரண்டு ஆண், இரண்டு பெண்' 16இல் 6 மட்டும். மூன்றுக்கு ஒன்று, எந்தப் பக்கமாக இருந்தாலும், 16இல் 8. அதுதான் கூட. நாலும் பெண்ணாக இருப்பது நாலு பிள்ளை உள்ள 16 குடும்பங்களில் சராசரியாக ஒன்று. ஒரு ஊருக்குள்ளேயே சில வீடுகள் அப்படி இருக்கும். இதில் ராசி எங்கே, தோஷம் எங்கே?

ஒரு இடத்தில் நாங்களும் வழுக்கினோம். "நாலும் பெண் 16இல் 1 தானே, அப்ப அக்காவுக்குப் பொடியன் வர 16இல் 15 வாய்ப்பு" என்று எங்களுக்குள் ஒருவர் சொல்ல, மற்றவர்களும் தலையாட்டினோம். பிழை. அக்கா மூன்று படி ஏறி முடிந்தாச்சு. மிச்சம் இருப்பது இரண்டே கிளை, அரைக்கு அரை. வரப்போகிற பிள்ளைக்கு முந்தின மூன்று பேரின் கணக்குத் தெரியாது.

பந்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளை வைத்து இதைப் படிப்பித்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பையில் பந்து சிவப்பாக வந்ததற்காக ஒருவரும் ஏச்சு வாங்குவதில்லை.

பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வரும் நிறமூர்த்தத்தால் தீர்மானிக்கப்படுகிறது என்றும் அதே ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்தோம். இரண்டு பாடத்துக்கும் ஏ எடுத்தவர்கள் அன்றைக்கு எங்களுக்குள் மூன்று பேர் இருந்தோம். அன்ரி கதைத்து முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.