தரையில் ஒரு சொட்டு!

கல்பாக்கத்தில் ஒரு வீடு. காலை நேரம். வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

கார் நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. காசு அளவுதான் இருக்கும். வாசல் பெருக்க வந்த மனைவி அதைப் பார்த்தார். மாலையில் கணவரிடம் சொன்னார்.

"கார் நிற்கிற இடத்திலே எண்ணெய் சொட்டியிருக்குதுங்க!"

"ஒரு சொட்டுதானே! அது ஒன்றும் செய்யாது" என்றார் கணவர்.

மறுநாள் அந்த இடத்தில் ஒரு கிழிந்த சாக்கு கிடந்தது. கறை தெரியவில்லை. தரை சுத்தமாக இருந்தது. எண்ணெய் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது!

இப்படி ஒரு வீடு கல்பாக்கத்தில் மட்டுமா இருக்கிறது? செங்கல்பட்டில் இருக்கிறது. மாமல்லபுரத்தில் இருக்கிறது. கார் உள்ள எல்லா ஊர்களிலும் இருக்கிறது.

கசிவது குற்றம் அல்ல. இரும்பும் ரப்பரும் சேர்ந்த எந்த எந்திரமும் என்றாவது ஒரு நாள் கசியும். கசிவைச் சாக்குப் போட்டு மூடுகிறோமே, அதுதான் குற்றம்!

கணக்குப் பார்ப்போம்

ஒரு சொட்டு என்பது எவ்வளவு? ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர்.

நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். அதாவது 1,440 சொட்டு. அது 72 மில்லி லிட்டர் ஆகும். இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர் போய்விடும்!

ஒரு சிறிய காரின் என்ஜினில் சுமார் 3 லிட்டர் ஆயில்தான் இருக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் இரண்டு கோடுகள் இருக்கும். மேல் கோடு நிறைவு. கீழ்க்கோடு எச்சரிக்கை. பெரும்பாலான கார்களில் இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான்.

ஆக, மேல் கோட்டில் இருந்த ஆயில் கீழ்க்கோட்டுக்கு வர 15 நாள் போதும். "ஒரு சொட்டுதானே" என்று சொன்னவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை!

சிவப்பு விளக்கு

என்ஜினுக்கு ஆயில் எதற்கு?

என்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் ஒரு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றுகின்றன. அவை ஒன்றோடு ஒன்று உரசாமல் நடுவே மெல்லிய படலமாக ஆயில் நிற்கிறது. சூட்டையும் அது வாங்கிக்கொள்கிறது. படலம் போனால் இரும்பு இரும்பைத் தின்னும். பேரிங் உருகும். என்ஜின் இறுகி நின்றுவிடும். சில ரூபாய் வாஷருக்காகச் சோம்பல்பட்டவர், என்ஜினையே பிரித்துச் செலவு செய்ய வேண்டியிருக்கும்.

பணம் மட்டுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு போகும்போது இரவில் என்ஜின் நின்றால் என்ன ஆகும்? பின்னால் லாரி வரும். பஸ் வரும். குழந்தைகள் காருக்குள் இருப்பார்கள்.

ஓட்டுநருக்கு எதிரே எண்ணெய்க் கிண்ணம் போன்ற சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறது. "அது எரிந்தால் ஆயில் குறைகிறது என்று அர்த்தம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு! பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவது இல்லை. அழுத்தம் போய்விட்டதைக் காட்டுகிறது. ஓடும்போது அது எரிந்தால் காரை ஓரம் கட்டி, உடனே என்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

விளக்கு கடைசி மணி. தரையில் விழும் சொட்டு முதல் மணி!

எது சொட்டுகிறது?

காருக்கு அடியில் ஈரம் கண்டதும் பயந்துவிடவும் கூடாது. முதலில் அது என்ன என்று பார்க்க வேண்டும். இதற்கு மெக்கானிக் வேண்டாம். இரவில் காருக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தால் போதும். காலையில் அந்த அட்டையே பதில் சொல்லும்.

வெறும் தண்ணீரா? ஏ.சி. போட்டு ஓட்டிய காரில் தண்ணீர் சொட்டுவது இயற்கை. பயம் இல்லை.

தேன் நிறமாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருக்கிறதா? அது என்ஜின் ஆயில்.

பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் போல இருக்கிறதா? அது ரேடியேட்டர் தண்ணீராக இருக்கலாம். அது நச்சு. குழந்தைகளும் நாய், பூனைகளும் வாய் வைக்காமல் உடனே கழுவிவிட வேண்டும்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் மெல்லியதாக, இளமஞ்சளாக, வழுக்கும்படி இருக்கிறதா? அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் காரை எடுக்கவே கூடாது! மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

எங்கே பிறக்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. சொட்டு விழும் இடம் வேறு. கசிவு பிறக்கும் இடம் வேறு!

கூரை ஒழுகும் வீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஓடு உடைந்தது ஓரிடத்தில் இருக்கும். தண்ணீர் உத்திரத்தின் மேல் ஓடி வந்து வேறு இடத்தில் சொட்டும். என்ஜினும் அப்படித்தான். மேலே பிறக்கும் கசிவு கீழே இறங்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். கடைசியில் ஆயில் சேம்பரின் அடியில் வந்து சொட்டும். "சேம்பர் பேக்கிங் போய்விட்டது" என்று அதை மாற்றுவார்கள். மறு வாரம் மீண்டும் சொட்டும்!

என்ன செய்ய வேண்டும்? என்ஜின் ஆறிய பிறகு, கசிந்த பகுதி முழுவதையும் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். பெட்ரோலால் துடைக்கக் கூடாது. தீப்பிடிக்கும். துடைத்த இடத்தில் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவலாம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, என்ஜின் நின்ற பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் பவுடரில் ஈரக் கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேல் நுனி எங்கே இருக்கிறதோ, அங்கேதான் திருடன் ஒளிந்திருக்கிறான்!

ஒன்றை மறக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஜாக்கி சரிந்தால் உயிர் போய்விடும். உறுதியான ஸ்டாண்டு வைத்திருந்தால்தான் அடியில் போகலாம்.

மலிவான மருந்து

பல கசிவுகளுக்குக் காரணம் சின்னப் பொருள்கள்தான். ஆயிலை வடிக்கும் போல்ட்டின் வாஷர் நசுங்கியிருக்கும். ஆயில் ஃபில்டர் சரியாக உட்கார்ந்திருக்காது. டாப் கவர் பேக்கிங் சூட்டில் காய்ந்து கல்லாகியிருக்கும். இவற்றைப் புதிதாகப் போட்டால் தீர்ந்தது.

ஆனால் கசிகிறது என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்குகிறார்கள். அதனால் மரை தேய்ந்துபோகும். சேம்பரையே மாற்ற வேண்டி வரும். இன்னும் சிலர் பேஸ்ட்டை அள்ளி அப்புகிறார்கள். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து விழுந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். வெளிக்கசிவு நிற்கும். உள்ளே என்ஜின் பட்டினி கிடக்கும்!

புது பேக்கிங் போட்டும் கசிகிறதா? என்ஜின் மூச்சு விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு முட்டிய என்ஜின், கிடைத்த சந்து வழியாக ஆயிலை வெளியே தள்ளும். அங்கே பேக்கிங்கின் மேல் குற்றம் இல்லை.

கல்பாக்கம் போன்ற கடலோர ஊர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்று! இரும்பு சேம்பரைத் துரு மெல்ல அரிக்கும். ஆயில் மாற்றும்போதெல்லாம் அடிப்பாகத்தையும் பார்க்கும்படி சொல்ல வேண்டும். மேலே மெழுகு பூசிப் பளபளவென்று வைக்கிறோம். அடியில் என்ன நடக்கிறது என்று ஏன் குனிந்து பார்ப்பது இல்லை?

கல்பாக்கம் சொல்லும் பாடம்

கசிவைத் தேடுவதில் கல்பாக்கத்துக்குத் தனி அனுபவம் உண்டு.

அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதன் சோதனை ஈனுலை 1985-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. இந்த உலையின் சூட்டை எடுத்துச் செல்வது தண்ணீர் அல்ல. உருகிய சோடியம்! சூடான சோடியம் காற்றுப் பட்டால் எரியும். தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதனால் சோடியத்தில் "ஒரு சொட்டுதானே" என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

சோடியம் கசிவதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சோடியம் ஓடும் குழாய்மேல் மின்கம்பியைச் சுற்றிவைப்பார்கள். கம்பியும் குழாயும் தொடாமல் நடுவே பீங்கான் மணிகள் இருக்கும். சோடியம் கசிந்து இரண்டையும் தொட்டால் மின்சாரம் பாயும். மணி அடிக்கும். வால்வுகளில் கசிவைக் கண்டுபிடிக்க, கார் என்ஜினில் இருக்கும் ஸ்பார்க் பிளக் போன்ற கருவியும் உண்டு!

இவ்வளவு காவல் இருந்தும் 2002-ல் அந்தச் சோதனை உலையில் ஒரு கசிவு ஏற்பட்டது. சுமார் 75 கிலோ சோடியம் வெளியே வந்தது. கசிந்தது ஒரு வால்வு. சிந்திய சோடியத்தை அகற்றினார்கள். வால்வைச் சரி செய்தார்கள். உலை மீண்டும் ஓடியது. கசிவு வராது என்ற நம்பிக்கை போதாது. வந்தால் கண்டுபிடிக்கும் ஏற்பாடு வேண்டும். இதுதான் பாடம்.

மூடி மறைத்தால்?

இதே போன்ற இன்னொரு உலை ஜப்பானில் இருந்தது. பெயர் மோஞ்சு. 1995-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி அங்கேயும் சோடியம் கசிந்தது. சுமார் 640 கிலோ! காரணம் என்ன தெரியுமா? சூட்டை அளக்கும் கருவியின் மெல்லிய உறை. சோடியம் ஓடிய வேகத்தில் அது அதிர்ந்து அதிர்ந்து உடைந்துவிட்டது.

கசிவினால் யாரும் சாகவில்லை. ஆனால் உலையை நடத்தியவர்கள், கசிந்த இடத்தைப் படம் பிடித்த வீடியோவை வெட்டிக் காட்டினார்கள். உண்மை வெளியே வந்தது. நாடே கொதித்தது. மக்களின் நம்பிக்கை போயிற்று. 2010 மே மாதம்தான் உலையை மீண்டும் இயக்க முடிந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 2016 டிசம்பரில் மோஞ்சுவை மூடிவிட ஜப்பான் அரசு முடிவு செய்தது.

உறை உடைந்தது விபத்து. வீடியோவை வெட்டியது தவறு. கார் நிற்கும் இடத்தில் போட்ட சாக்கும் ஒரு வகையில் அந்த வெட்டிய வீடியோதான்!

ஊருக்கும் பங்கு உண்டு

"என் கார், என் ஆயில், எனக்குத்தானே நஷ்டம்?" என்று கேட்கலாம். அப்படி அல்ல.

வீட்டில் சொட்டும் கார் சாலையிலும் சொட்டும். முதல் மழை பெய்ததும் சாலையில் படிந்த ஆயில் மிதக்கும். அதில் வழுக்கி விழுவது யார்? காரில் போகிறவர் அல்ல. சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போகிறவர்!

கல்பாக்கம் பகுதி மணல் பூமி. மேலே விழுந்தது கீழே இறங்கும். ஒரு காரிலிருந்து ஒரு முறை வடிக்கும் பழைய ஆயில், 10 லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்க முடியும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. 10 லட்சம் காலன் என்பது சுமார் 38 லட்சம் லிட்டர்! ஆகவே வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மணலிலோ கொட்டக் கூடாது. ஆயில் மாற்றும் கடையில் கொடுத்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.

மெக்கானிக்குகளுக்கும் கடமை உண்டு. குறைந்த ஆயிலை ஊற்றி அனுப்புவது வைத்தியம் அல்ல. கசியும் இடத்தைக் காட்டிவிட்டுத்தான் பாகத்தை மாற்ற வேண்டும். காட்டும்படி கேட்பது கார்க்காரரின் உரிமை. பழைய கார் வாங்குகிறவர்களும் ஏமாறக் கூடாது. கழுவித் துடைத்த என்ஜினைப் பார்த்து மயங்காமல், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, நிறுத்தி, அடியில் பார்க்க வேண்டும்.

சாக்கை எடுங்கள்!

'சிறு துளி பெரு வெள்ளம்' என்பது பழமொழி. சேர்வதற்கு மட்டும் அல்ல, போவதற்கும் அது பொருந்தும்.

சொட்டை முதலில் பார்த்தவர் யார்? வாசல் பெருக்க வந்த மனைவி. கார் ஓட்டத் தெரியாதவராக இருக்கலாம். ஆனால் அவர் சொன்னதில்தான் உண்மை இருந்தது. அதைக் கேட்டிருந்தால் ஒரு வாஷரோடு செலவு முடிந்திருக்கும்.

நாளைக் காலையில் கார் கிளம்பிய பிறகு வீட்டில் யாராவது ஒருவர் தரையைப் பாருங்கள். சாக்கு கிடந்தால் எடுத்து எறியுங்கள். சொட்டு இருந்தால் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் அதைக் காது கொடுத்துக் கேட்கட்டும்!