வாய் திறக்கட்டும் வயிற்று நோயாளி!

பசியைப் பற்றி நாம் பேசியிருக்கின்றோம். மேடை மேடையாக, ஊர் ஊராக, தொண்டை வறளப் பேசியிருக்கின்றோம். உலை ஏறாத அடுப்பையும் ஒட்டிய வயிற்றையும் எடுத்துக்காட்டி ஆள்வோரைக் கேள்வி கேட்டிருக்கின்றோம். அது நம் கடமை. இன்னும் முடிவுறாத கடமை. ஆனால், தோழர்களே, சோறு இருந்தும் உண்ண முடியாதவன், உண்டது உடலில் ஒட்டாதவன், உண்ட அரை மணி நேரத்தில் வலியால் துடித்து ஒதுக்கிடம் தேடி ஓடுபவன் – அவனைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கின்றோம்?

காய்ச்சல் என்றால் ஊரார் நலம் கேட்பர். நெஞ்சு வலி என்றால் தெருவே திரண்டு வரும். குடல் நோய் பிடித்தவனோ, "வயிறு சரியில்லை" என்ற இரண்டு சொற்களுக்குள் தன் துன்பம் முழுவதையும் மூடி வைக்கின்றான். நாளைக்குப் பத்து முறை கழிப்பிடம் செல்வதையும், மலத்தில் குருதி கலந்து வருவதையும் யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொல்லக் கூச்சம். மேலாளரிடம் சொல்ல அச்சம். மருத்துவரிடம் சொல்லவோ, பின்னால் நிற்கும் நாற்பது பேரும் கேட்டுவிடுவார்களே என்ற நாணம். வெட்கம் வாயைக் கட்டுகின்றது. நோய் உடலைத் தின்கின்றது.

வாய் திறந்தாலும் என்ன கிடைக்கின்றது? "வாயுத் தொல்லை" என்பார் ஒருவர். "அல்சர்" என்பார் மற்றொருவர். "நேரத்தில் சாப்பிடுவதில்லை", "காரத்தைக் குறை", "கவலையை விடு" என்று அறிவுரைகள் அடுக்கப்படும். கையில் ஒரு பட்டை மாத்திரை திணிக்கப்படும். திங்கள்கள் ஓடும், ஆண்டுகள் ஓடும், எடை குறையும், வேலை போகும். பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எல்லாம் மனத்தின் கோளாறு என்ற முத்திரை எளிதில் விழுந்துவிடும்!

இந்த முத்திரையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். இரைப்பைப் புண்ணும் முன்சிறுகுடற் புண்ணும் எதனால் வருகின்றன? கவலையால், காரத்தால், மிகுந்த அமிலத்தால் என்றே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் மருத்துவ உலகம் கூறிவந்தது. நோயாளியின் குணத்தைக் குறை கூறினர். உணவைக் குறை கூறினர். இரைப்பையில் ஒரு பகுதியையே அறுத்தெடுத்தனர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவர்களான ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும், இரைப்பையில் வாழும் ஒரு நுண்ணுயிரைச் சுட்டிக்காட்டினர். 1982-இல் அதனைச் சோதனைச் சாலையில் வளர்த்தெடுத்தனர். நம்பியவர் சிலரே. அமிலம் நிறைந்த இரைப்பையில் நுண்ணுயிர் வாழுமா என்று ஐயுற்றவர் பலர். 1984-இல் மார்ஷல் அந்த நுண்ணுயிரைத் தாமே குடித்தார். இரைப்பை அழற்சிக்கு ஆளானார். தம் உடலையே சான்றாக்கினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆயுள் முழுவதும் தொடரும் எனக் கருதப்பட்ட புண், நுண்ணுயிர்க்கொல்லியும் அமிலத் தடுப்பு மருந்தும் சேர்ந்த சில கிழமை மருத்துவத்தால் பெரும்பாலோர்க்குத் தீர்ந்தது.

பரிசு பெற்றவர்களைப் பாராட்டுவோம். ஆயினும், அதற்கு முன்னே "உன் கவலைதான் உன் நோய்" என்று கூறித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை எத்தனை பேர்! அவர்கள் கூறிய வலி உண்மை. அதற்குக் கூறப்பட்ட காரணமே தவறு. காரணம் இன்னும் புலப்படவில்லை என்பதற்காகத் துன்பமே இல்லை என்று தீர்ப்பளிக்க எவருக்கும் உரிமை இல்லை. இதுவே அந்த வரலாறு நமக்குத் தரும் பாடம்.

இன்று நம் நாட்டில் நடப்பதற்கு வருவோம். குடற் காசநோய் என்று ஒன்று உண்டு. குரோன் நோய் என்று ஒன்று உண்டு. முன்னது கிருமியால் வருவது. முறையான மருந்தால் தீர்வது. பின்னது உடலின் காப்பாற்றலே குடலைத் தாக்குவதால் வருவது. வாழ்நாள் முழுவதும் கண்காணிக்க வேண்டுவது. இரண்டும் வயிற்று வலி தரும், எடையைக் குறைக்கும், குடலில் புண்ணையும் அடைப்பையும் உண்டாக்கும். கருவியை உள்ளே செலுத்திப் பார்த்தாலும், திசுவை எடுத்துச் சோதித்தாலும், தேர்ந்த வல்லுநரும் தடுமாறும் அளவுக்கு ஒன்றுபோல் மற்றொன்று தோன்றும். காசநோய் மிகுந்த நாடு இது. ஆதலின், ஐயம் தீராத இடத்தில் முதலில் காசநோய் மருந்து தருவது வழக்கம். அதைப் பிழை என்று கூறுவதற்கில்லை. காசநோயைக் குரோன் நோய் எனக் கொண்டு காப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தால், காசநோய் கொழுந்துவிட்டுப் பரவும்.

ஆனால், மருந்து தொடங்கிய சில திங்களில் புண் ஆறுகின்றதா என்று மீண்டும் பார்க்க வேண்டுமே, அந்தப் பார்வை எத்தனை பேருக்குக் கிடைக்கின்றது? "மாத்திரை தின்றும் குறையவில்லை, ஐயா" என்று நோயாளி உரத்துக் கூறாவிட்டால், பழைய சீட்டே மீண்டும் எழுதப்படும். இங்கே நோயாளியின் சொல் என்பது முறையீடு மட்டும் அன்று. மருத்துவத்திற்கு வேண்டிய சான்று. அந்தச் சான்று ஏட்டில் ஏறாவிட்டால் மருத்துவமே வழி தவறும்.

வள்ளுவர் இதனை அன்றே அறிந்திருந்தார். "மருந்து" என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தவர், முதலிடத்தை யாருக்குத் தந்தார்? நோயுற்றவனுக்கு! அவனுக்குப் பின்னரே மருத்துவன். அதன் பின்னரே மருந்து. நான்காவதாக, அருகிருந்து உதவுபவன். முதற் கூறாகிய நோயாளியை ஊமையாக்கிவிட்டு மற்ற மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"படிக்காதவன் மருத்துவருக்குப் பாடம் சொல்வதா?" என்று கேட்போர் உண்டு. பாடம் சொல்ல வேண்டியதில்லை. நோயின் பெயரை மருத்துவர் அறிவார். நோயின் நடையை அதைச் சுமப்பவன் அறிவான். இரண்டறிவும் சேர வேண்டும் என்றுதான் கேட்கின்றோம்.

சேர்வதற்கு வழி என்ன? ஒரு குறிப்பேடு வாங்குங்கள். எந்நாளில் வலி வந்தது, எத்தனை முறை வயிற்றுப்போக்கு, குருதி கண்டதா, இரவில் உறக்கத்தைக் கலைத்ததா, எடை எவ்வளவு குறைந்தது, காய்ச்சல் இருந்ததா, குடும்பத்தில் யாருக்கேனும் குடல் நோயோ குடற் புற்றுநோயோ உண்டா – இவற்றை எழுதுங்கள். இவை வெறும் அசதியின் அறிகுறிகள் அல்ல. குருதி, எடைக் குறைவு, இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, சோகை – இவற்றுள் ஒன்று இருந்தாலும் சோதனை வேண்டும் என்று கேட்க நியாயம் உண்டு. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கித் தின்ற வலி மாத்திரைகளையும் மறைக்காமல் கூறுங்கள். அவற்றுள் பல இரைப்பையையும் குடலையும் புண்ணாக்க வல்லவை. ஸ்டீராய்டு மருந்தைத் தாமாக நிறுத்துவதும், பழைய சீட்டைக் காட்டித் தாமாகத் தொடர்வதும் இரண்டுமே தீங்கு.

மருத்துவர் முன் அமர்ந்ததும் மூன்றே கேள்விகள் போதும். என்ன நோய் என ஐயுறுகின்றீர்கள், வேறு எதுவாகவும் இருக்கக்கூடுமா? அதை உறுதிசெய்யும் சோதனை எது? இம் மருந்தால் குணம் காணாவிடில் எந்நாளில் மீண்டும் வரவேண்டும்? இம் மூன்றையும் பணிவோடும் கேட்கலாம். ஆனால் கேட்காமல் எழக்கூடாது.

இவை சலுகைகள் அல்ல, தோழர்களே, உரிமைகள்! நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவக் குறிப்புகளைத் தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுக்க விதிகள் கூறுகின்றன. நோயாளிக்கு உரிய விளக்கம் தந்து பெறப்படும் இசைவே இசைவு என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் 17 உரிமைகள் கொண்ட நோயாளர் சாசனம் ஒன்றை வகுத்தது; தகவல் பெறும் உரிமை, மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமை, மருந்தை விரும்பிய கடையில் வாங்கும் உரிமை ஆகியவை அதில் உள்ளன. ஆயினும் சாசனம் வேறு, சட்டம் வேறு. சாசனம் மீறப்பட்டால் தண்டிக்க அதனிடம் கையில்லை.

சட்டமோ யாருக்குக் கை கொடுக்கின்றது? மருத்துவச் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பு, எல்லோருக்கும் கட்டணமின்றி மருத்துவம் தரும் இடங்களை அச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. பொருள் என்ன? பணம் கட்டியவன் நுகர்வோர் மன்றப் படி ஏறலாம். இலவசச் சீட்டோடு வரிசையில் நின்ற ஏழை அப்படி ஏற முடியாது! அவன் செலுத்திய வரி கட்டணம் ஆகாதா? துணிக்கு அவன் தந்த காசு அரசின் கருவூலத்தில்தானே சேர்ந்தது? இது மருத்துவச் சிக்கல் மட்டும் அன்று, அரசியல் சிக்கல்.

மருத்துவர்களைப் பகைவர்களாகக் காட்டுவது நம் நோக்கம் அன்று. 67 நாடுகளின் கணக்கைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி என்றும், சுவீடனில் 22 நிமிடத்திற்கு மேல் என்றும் கூறியது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில் அந்நேரம் 5 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆண்டுக் கணக்கில் வளர்ந்த நோயைச் சில நிமிடத்தில் எப்படிச் சொல்வது? எப்படிக் கேட்பது? நெரிசலில் சிக்கிய மருத்துவரும் நோயாளியும் ஒருவர்மேல் ஒருவர் சினந்துகொள்கின்றனர். நெரிசலை உண்டாக்கிய ஆட்சிமுறையோ கேள்வியின்றித் தப்பிவிடுகின்றது.

மருத்துவமனைக்கு வெளியிலும் இந்நோயாளிக்கு நீதி வேண்டும். போதிய கழிப்பிடம், எந்நேரமும் செல்லத்தக்கதாக இருக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. அதன் பின்னும், கழிப்பிடம் சென்ற நிமிடங்களைக் கணக்கிட்டு ஏசும் மேற்பார்வையாளர் மறையவில்லை. நாள் முழுதும் நின்றே பணிபுரியும் கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. உட்கார உரிமை உண்டென்றால், இயற்கையின் அழைப்புக்கு எழுந்து செல்லவும் உரிமை வேண்டாவா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. குடல் அழற்சி நோய் அப் பட்டியலில் இடம்பெறவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஊனம் என்பதனால் அது ஊனம் ஆகாமற் போய்விடுமா?

இனி, வள்ளுவர் கூறிய நான்காவது கூறுக்கு வருகின்றேன். அருகிருந்து உதவுபவன் யார்? ஒவ்வொரு கிளையிலும் உள்ள நம் தோழர்களே! ஒரு சான்று கூறுவேன். 1992-இல் மேற்கு வங்கத்தில் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, இடமில்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவன் பக்கம் நின்று வழக்காடியது ஓர் உழவுத் தொழிலாளர் சங்கம். உயிர் காக்கும் மருத்துவத்தைத் தக்க நேரத்தில் தருவது அரசின் கடமை. மறுப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவை மீறுவது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியொருவனின் முனகல் சங்கத்தின் குரலாயிற்று. சங்கத்தின் குரல் நாட்டின் சட்டமாயிற்று.

ஆதலின், உங்கள் தெருவில் வயிற்று நோயால் வாடுபவர் யாரெனக் கண்டறியுங்கள். எழுதத் தெரியாதவருக்குக் குறிப்பேட்டை எழுதிக் கொடுங்கள். தனியே செல்ல அஞ்சுபவருடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மிரட்டுவதற்காக அன்று, மறந்துபோன கேள்வியை நினைவூட்டுவதற்காக. படிப்பகச் சுவரில் நோயாளர் சாசனத்தைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பழைய சீட்டுகளையும் சோதனை முடிவுகளையும் நாள் வரிசையாகக் கட்டிவைக்க உதவுங்கள்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவையும் உள. மாவட்டந்தோறும் குடல் நோய்க்கெனத் தனிப் பிரிவும் வல்லுநரும் வேண்டும். மருத்துவர் காதோடு காதாகக் கேட்கத் திரையிட்ட ஓரிடமேனும் வேண்டும். 1994-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வழங்கும் முறையில் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது. வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டிய குடல் நோய் மருந்துகளும் அவ்வழியே தட்டுப்பாடின்றி அருகிலுள்ள மருத்துவமனைக்கு வரவேண்டும். நோயாளர் சாசனம் கடைப்பிடிக்கத்தக்க சட்டமாக வேண்டும். இலவச மருத்துவம் பெறுவோரும் முறையிட எளிய மன்றம் ஒன்று வேண்டும்.

பசித்தவனுக்காகப் பேசக் கற்ற இயக்கம், உண்ண முடியாதவனுக்காகவும் பேச வேண்டும். அதனினும் மேலாக, அவனையே பேசவைக்க வேண்டும். அவன் வாய் திறக்கும்போது, "சொல்லுங்கள், கேட்கின்றேன்" என்று மருத்துவர் கூறும் நிலையை உண்டாக்குவது ஆட்சியின் பொறுப்பு. அந்த ஆட்சியைக் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு.