ஐந்து கட்டை ரீங்காரம்

டிவியைப் போட்டால் படம் வரும், சத்தம் வராது. அலமாரியின் கீழ்த்தட்டுக்குள் கையை விட்டு ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைத் தனியாகத் தட்ட வேண்டும். எங்கள் வீட்டில் பல வருடங்களாக இதுதான் நடைமுறை. போடும்போது யாரும் மறப்பதில்லை, அணைக்கும்போதுதான் மறந்துவிடும். படுத்து அரைத்தூக்கம் வரும் நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து குரல் கேட்கும்: "என்னங்க, கீழ் சுவிட்சை அணைச்சீங்களா?" எழுந்து போய்ப் பார்த்தால், அது தோசைக்கல் போலச் சூடாக உட்கார்ந்திருக்கும்.

இதற்கான மருந்து ஆம்ப்ளிஃபயரின் முதுகிலேயே இருந்தது. 'டிரிகர்' என்று எழுதிய ஒரு சின்னத் துளை. பழைய வாக்மேனில் இயர்ஃபோன் செருகுவோமே, அதே 3.5 மில்லிமீட்டர் அளவு. வழக்கமாக இதற்குள் 12 வோல்ட் வந்தால் ஆம்ப்ளிஃபயர் விழிக்கும், நின்றால் உறங்கும். பாட்டு இந்த ஒயரில் பயணம் செய்வதே இல்லை. 'எழுந்திரு', 'படு' என்ற இரண்டு சொல்தான் இதற்குத் தெரியும். என்னுடையது 5 வோல்ட்டுக்கே எழுந்துகொள்ளும் ரகம். டிவியின் யுஎஸ்பி துளையில் 5 வோல்ட் வருகிறது. டிவியை அணைத்தால் அதுவும் அணைகிறது. அப்புறமென்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டையும் இணைக்க ஒரு ஒயரை நானே சால்டர் செய்தேன்.

டிவி விழித்தது. ஆம்ப்ளிஃபயர் விழித்தது. கூடவே ஸ்பீக்கரிலிருந்து ஒரு "ம்ம்ம்ம்".

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. இந்த மாதிரி ரீங்காரத்தில் 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் முன்னால் நிற்கும். 100 ஹெர்ட்ஸ் என்பது, கர்நாடக சங்கீதக் கணக்கில், ஐந்து கட்டை சுருதியின் கீழ்ஸ்தாயி ஷட்ஜத்துக்கு ஒரு இழை மேலே. ஒரு கட்டையில் பாடுகிறவருக்கு அது பஞ்சமமாக அமைந்து, ஓசியில் கிடைத்த தம்பூரா போல ஒத்துப்போயிருக்கும். எனக்கு வாய்த்தது இரண்டு கட்டைக்காரர் பாடிய கல்யாணி. இரண்டு கட்டைக்கு அந்த ரீங்காரம் சுத்த மத்யமம். பாடகர் பிரதி மத்யமத்தில் உருகிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒருவர் விடாமல் தப்பு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாட்டையே சுமக்காத ஒயர் பாட்டைக் கெடுக்குமா? இதில் இரண்டு கட்சி உண்டு. கூடுதலாக எந்த ஒயரைச் செருகினாலும் ஒலியின் ஆழம் போய்விடும், வயலினின் பளபளப்பு மங்கிவிடும் என்பது ஒரு கட்சி. வெறும் ஆன்-ஆஃப் ஒயர்தானே, அது என்ன செய்துவிடும் என்பது எதிர்க்கட்சி. நான் அந்த ஞாயிறு வரை எதிர்க்கட்சியில் இருந்தேன். எங்கள் கட்சி மறந்தது ஒயரின் இரண்டாவது காலை. 5 வோல்ட் ஒரு காலில் போனால் இன்னொரு காலில் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் கால்தான் 'கிரவுண்ட்'. அது டிவியின் உடம்பையும் ஆம்ப்ளிஃபயரின் உடம்பையும் செம்பால் கட்டிப்போடுகிறது.

அதற்கு முன் அவை இரண்டுக்கும் உறவே இல்லை. டிவியின் ஒலி ஆப்டிகல் கேபிள் வழியாக, அதாவது பிளாஸ்டிக் இழைக்குள் ஓடும் ஒளியாக, வந்துகொண்டிருந்தது. 1983-இல் டோஷிபா கொண்டுவந்த ஏற்பாடு. ஒளிக்குக் கிரவுண்டும் இல்லை, எர்த்தும் இல்லை. நானோ மெனக்கெட்டு ஒரு கதவைத் திறந்துவிட்டேன். டிவிக்குப் பின்னால் செட்டாப் பாக்ஸ். அதற்குப் பின்னால் கேபிள் ஒயர். அதன் வெளிப் பின்னல் ஜன்னல் வழியே ஏறி, எதிர்வீட்டு மொட்டை மாடியைத் தாண்டி, எந்தக் கம்பத்திலோ போய் நிற்கிறது. ஆம்ப்ளிஃபயரோ த்ரீ பின் பிளக் வழியாக எங்கள் வீட்டு எர்த்தில் நிற்கிறது. தெருவின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. அந்தச் சிறு வித்தியாசம் என் ஒயர் வழியே ஓட, ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டென்று நினைத்துப் பெரிதாக்கிக் கொடுத்தது. செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிளைப் பிடுங்கினேன். நிசப்தம். மாட்டினேன். மத்யமம்.

வேறு வேலையாக வந்த எலக்ட்ரீஷியன் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "பிளக்குல அந்தத் தடி பின்னைக் கழட்டிடுங்க சார், போயிடும்." போய்விடும்தான். ஆம்ப்ளிஃபயருக்குள் என்றைக்காவது கரண்ட் கசிந்து உலோகப் பெட்டியில் ஏறினால், தொடுகிறவரும் போய்விடுவார். மற்ற இரண்டு பின்னுக்கும் முன்னால் தொட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த எர்த் பின்னை நீளமாகவே செய்கிறார்கள். ரீங்காரத்துக்காக எர்த்தை வெட்டச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு 5 வோல்ட் ரிலேயும் ஒரு டயோடும் வாங்கினேன். இரண்டு காபி விலைதான். இப்போது டிவியின் 5 வோல்ட் ரிலேயின் சுருளோடு நின்றுவிடுகிறது. சுருள் ஒரு தகட்டை இழுக்க, தகடு வேறொரு சின்ன அடாப்டரின் 12 வோல்ட்டை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. சுருளுக்கும் தகட்டுக்கும் நடுவே செம்பு இல்லை, காந்தம்தான். ரீங்காரம் போயிற்று. சில ஆம்ப்ளிஃபயர்களில் டிரிகர் துளைக்கு உள்ளேயே விளக்கும் ஒளியுணர்வியுமாக ஒரு சின்னத் தடுப்பு இருக்கும். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி வராது. ஆம்ப்ளிஃபயருக்கு உத்தரவு போகும் மற்ற வழிகளில், ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளியால் தொந்தரவில்லை. லேன் கேபிளின் இரு முனையிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, ஆகவே உலோக உறை போட்ட ரகத்தைத் தவிர மற்றவை சாது. பழைய ஆர்எஸ்-232 ஒயரில் கிரவுண்ட் கால் இருக்கிறது. அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பளபளப்புக் கட்சி ஜெயித்துவிட்டதா? ரீங்காரம் ஒழிந்த பிறகு அதையும் பார்த்துவிட நினைத்தேன். மகளை அலமாரிக்குப் பின்னால் உட்காரவைத்து, எனக்குத் தெரியாமல் டிரிகர் ஒயரைச் செருகு, பிடுங்கு என்றேன். ஆம்ப்ளிஃபயரை முன் சுவிட்சிலேயே போட்டுவிட்டதால் பாட்டு நிற்காது. அதே கல்யாணி, அதே ஆலாபனை. "இப்ப இருக்கு", "இப்ப இல்ல" என்று முழு நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டு வந்தேன். பாதிக்குப் பாதிதான் சரி. பூவா தலையா போட்டிருந்தாலும் அதே மார்க்தான் வந்திருக்கும். "அப்பா, நடுவுல நாலு தடவை நான் ஒண்ணுமே பண்ணல" என்றாள். அந்த நாலில் மூன்று தடவை வித்தியாசம் கேட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஒயர் கெடுத்தால் காதில் அறைகிற மாதிரி கெடுக்கும், கெடுக்காவிட்டால் கெடுக்கவில்லை. நடுவில் ரகசியமாக எதையும் திருடுவதில்லை. உங்கள் வீட்டு ஸ்பீக்கரிலும் ம்ம்ம் கேட்டால், விலை உயர்ந்த கேபிள் வாங்கக் கிளம்பும் முன் செட்டாப் பாக்ஸின் ஒயரை ஒரு நிமிடம் பிடுங்கிப் பாருங்கள். தடி பின் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.