எரிநட்சத்திரமும் யூதர்களின் ‘மஸல்’ நம்பிக்கையும்

“யூதர்கள் நட்சத்திரங்களிடம் நற்பேறு வேண்டுபவர்கள், ‘மஸல் தோவ்’ என்னும் அவர்களின் வாழ்த்தே அதற்குச் சான்று” என்று நம்மவர்களில் சிலர் கூறிவருகின்றனர். இக்கூற்றை நாம் மறுக்கிறோம். ஒரு சமூகத்தார் மீதுள்ள பகைமை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்பது திருக்குர்ஆனின் (5:8) கட்டளை. அதிலிருந்து யூதர்களுக்கு மட்டும் விலக்கில்லை.

‘மஸல்’ என்னும் எபிரேயச் சொல் தொடக்கத்தில் விண்மீன் கூட்டத்தையும் இராசியையும் குறித்தது உண்மைதான். நாளடைவில் அது நற்பேற்றையும் குறிக்கலாயிற்று. இன்று திருமணத்திலும் மகப்பேற்றிலும் அது சொல்லப்படுவது வாழ்த்தாகவே. சொல்லின் வேரைக் கொண்டு சொல்பவரின் நம்பிக்கைக்குத் தீர்ப்பளிக்கலாமா? செவ்வாய், புதன், வியாழன் என்று கிழமைகளைக் கோள்களின் பெயரால் அழைக்கும் நாம் அக்கோள்களையா வணங்குகிறோம்?

எரிநட்சத்திரத்தைக் கண்டால் செய்ய வேண்டியது என்ன என்பதை யூதச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, விண்ணில் பாயும் ஒளி, நிலநடுக்கம், இடி, மின்னல் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைத்து, இவற்றைக் காண்பவர் உலகை நிறைக்கும் இறைவனின் ஆற்றலைப் புகழ வேண்டும் என்கிறது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த சட்டநூலும் அதையே வலியுறுத்துகிறது. இதில் நட்சத்திரத்திடம் வேண்டுதல் எங்கே இருக்கிறது?

தல்மூதில் ஒரு வாதம் உண்டு. மனிதனின் செல்வத்தையும் அறிவையும் கோள்களே தீர்மானிக்கின்றன என்றார் ரப்பி ஹனினா. இஸ்ரவேலர் கோள்களுக்கு உட்பட்டவர் அல்லர் என்று மறுத்தார் ரப்பி யோகனான். அங்கேயே ரப்பி அகீவாவின் மகள் கதையும் வருகிறது. மணநாளில் அவளைப் பாம்பு தீண்டும் என்று சோதிடர்கள் கூறியிருந்தனர். அன்றிரவு அவள் சுவரில் செருகிய ஊசி, அங்கிருந்த பாம்பின் கண்ணில் பாய்ந்து அதைக் கொன்றது. விருந்தின் ஆரவாரத்தில் எவரும் கவனியாத ஏழைக்கு அவள் தன் பங்கு உணவைக் கொடுத்திருந்தாள்; அந்தத் தர்மமே அவளைக் காத்தது என்றார் தந்தை. ஸதகா ஆபத்தைத் தடுக்கும் என்று நம்பும் நமக்கு இக்கதை அந்நியமாகவா தோன்றும்?

எகிப்தில் வாழ்ந்த மூஸா இப்னு மைமூன், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் பிரான்சின் யூத அறிஞர்களுக்கு எழுதிய மடலில் சோதிடத்தை மடமை என்று சாடினார். முன்னோர் போர்க்கலையைக் கற்காமல் சோதிட நூல்களில் மூழ்கியதாலேயே ஆட்சியையும் ஆலயத்தையும் இழந்தனர் என்று தம் சமூகத்தின் மீதே குற்றம் சுமத்தினார்.

யூதர் அனைவரும் இந்நெறியில் நின்றனர் என்று நாம் கூறவில்லை. பெத் ஆல்ஃபா என்னுமிடத்தில் உள்ள 6ஆம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடத்தின் தரையில் பன்னிரு இராசிகளும் பதிக்கப்பட்டுள்ளன. ஆபிரகாம் இப்னு எஸ்ரா போன்ற பேரறிஞரே சோதிட நூல்கள் எழுதினார். இவற்றைத் தாராளமாக விமர்சிக்கலாம். ஆனால் அதே அளவுகோல் நமக்கும் உண்டு. கி.பி. 762இல் பக்தாதுக்கு அடிக்கல் நாட்ட நல்ல வேளை கணித்தவர்கள் நவ்பக்த் என்ற பாரசீகரும் மாஷா அல்லாஹ் என்ற யூதரும். கணிக்கச் சொன்னவரோ முஸ்லிம்களின் கலீஃபா அல்மன்சூர்!

எரிநட்சத்திரம் விழுந்தால் பெரிய மனிதர் ஒருவர் பிறப்பார் அல்லது இறப்பார் என்பது அறியாமைக் கால அரபியரின் நம்பிக்கை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அது எறியப்படுவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அதைத் தகர்த்தார்கள். இத்தனை தெளிவைப் பெற்ற பிறகும் நாளும் நேரமும் பார்க்கும் முஸ்லிம், ‘மஸல் தோவ்’ என்பவரைப் பழிக்க என்ன தகுதி பெற்றிருக்கிறார்? பிறர் மீது பொய் சுமத்துவதால் நம் ஏகத்துவம் வலுப்பெறாது. முதலில் நம் வீட்டு நாள்காட்டியில் உள்ள இராகு காலத்தையும் இராசிபலனையும் புறக்கணிப்போம். எரிநட்சத்திரத்தைக் கண்டால் அதைப் படைத்தவனைத் துதிப்போம்.