பயிற்றுவிப்பாளருக்கு யார் துணை?

மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளையில், குளத்தருகே அமைந்திருக்கிறது ரங்கிரி சர்வதேசக் கிரிக்கெட் மைதானம். அங்கு முதலாவது சர்வதேச ஒரு நாள் போட்டி 2001 மார்ச் 23ஆம் திகதி நடைபெற்றது. இங்கிலாந்து 143 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இலங்கை 5 விக்கெட்டுகளால் வென்றது. அன்று இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கியவர் யாரென்று கேட்டால், கிரிக்கெட் பித்தர்கள் கூடச் சற்று யோசிப்பார்கள். நாசர் ஹுசைனுக்குப் பதிலாக அப்பொறுப்பை ஏற்றிருந்த கிரஹாம் தோர்ப்தான் அவர். சில நாட்களுக்கு முன்னர் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் ஆட்டமிழக்காது 113 ஓட்டங்கள் குவித்து, டெஸ்ட் தொடர் வெற்றிக்கு வழிவகுத்தவரும் அவரே.

100 டெஸ்ட் போட்டிகளில் 6,744 ஓட்டங்களைப் பெற்ற தோர்ப், 2024 ஆகஸ்ட் 4ஆம் திகதி, தமது 55ஆவது வயதில், தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். கடும் மனச்சோர்விலும் பதற்ற நோயிலும் அவர் வாடியதை அவருடைய மனைவி வெளிப்படையாகவே கூறினார்.

ஓய்வுபெற்ற பின்னர் தோர்ப் பல ஆண்டுகள் இங்கிலாந்தின் துடுப்பாட்டப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். 2021-22 ஆஷஸ் தொடரில் இங்கிலாந்து 4-0 எனத் தோற்றது. தொடர் முடிந்த இரவு ஹொபார்ட் ஹோட்டலில் இரு அணி வீரர்களும் விடிய விடிய மது அருந்திய இடத்திற்குப் பொலிஸார் வந்தனர். அதைத் தோர்ப் தமது தொலைபேசியில் படம்பிடித்தார். அது உலகெங்கும் பரவியது. 2022 பெப்ரவரியில் அவர் பதவி இழந்தார். அடுத்த மாதம் ஆப்கானிஸ்தானின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக அறிவிக்கப்பட்டும், மே மாதத்தில் கடும் நோய்வாய்ப்பட்டார். வேலை பறிபோனதிலிருந்தே அவரது சரிவு தொடங்கியதாக, 2025 ஜூலையில் நடந்த மரண விசாரணையில் குடும்பத்தினர் கூறினர். அவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையிலும் குறைபாடுகள் இருந்ததை விசாரணை அதிகாரி சுட்டிக்காட்டினார்.

தோர்ப் மதுவுக்கு அடிமையானவர் என்று நான் எழுதவில்லை. ஓர் இரவின் மதுக்கூட்டம் மட்டுமே ஒருவரது மரணத்திற்குக் காரணமாகிவிடாது. நான் சொல்ல விழைவது வேறு. மனம் தளர்ந்த ஆட்டக்காரர் இன்று விடுப்புக் கேட்கலாம். உலகம் ஓரளவு பரிவுடன் கேட்கிறது. 2006இல் இந்தியச் சுற்றுப்பயணத்திலிருந்து நாடு திரும்பிய மார்க்கஸ் ட்ரெஸ்கோதிக் போன்றோர் திறந்த கதவு அது. பயிற்றுவிப்பாளருக்கு அந்தக் கதவு இன்னும் சாத்தியே கிடக்கிறது. பிறருக்குத் தைரியம் ஊட்டுவதற்கே சம்பளம் பெறுபவர், 'எனக்குத் தைரியமில்லை' என்று எவரிடம் சொல்வார்? சொன்னால் வேலை போகும் என்ற அச்சம். மாதக் கணக்கில் ஹோட்டல் அறை. மைதானத்தில் இறங்கி ஓட்டம் எடுத்துப் பதில் சொல்லவும் வழியில்லை. அவ்வேளையில் கேள்வி கேட்காத நண்பனாய் வந்து அமர்கிறது மது. முதலில் உறக்கம் தருவதுபோல் காட்டி, பின்னர் உறக்கத்தைக் கெடுக்கும்; மனச்சோர்வை ஆழப்படுத்தும்.

வாசக நண்பர்களே, இவ்விடயத்தில் எம்மவர்க்கும் பங்குண்டு. அணி தோற்ற மறுநாள் 'பயிற்றுவிப்பாளரை மாற்றுக' என்ற தலைப்பை எத்தனை முறை அச்சுக்கு அனுப்பியிருப்பேன்! அந்த வரிக்குக் கீழே ஒரு மனிதர் இருப்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. பின்னிரவில் பத்திரிகைப் பணி முடித்து, மதுக் கிண்ணத்தில் களைப்பாறிய என் தொழில் நண்பர்கள் சிலரின் முடிவுகளைக் கண்ட பின்னரே எனக்கு இது உறைத்தது.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. பயிற்றுவிப்பாளர்களுக்கு, கிரிக்கெட் சபைக்கு அறிக்கை அனுப்பாத தனி உளவள ஆலோசகர் வேண்டும். குடும்பத்துடன் கழிக்கும் விடுப்பு, ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். பதவி பறிக்கப்பட்ட பின்னரும் சிகிச்சைக்கான ஆதரவு குறிப்பிட்ட காலம் தொடர வேண்டும். தேசிய அணிகளுக்கு மட்டுமன்றி, மாத்தளையிலோ மட்டக்களப்பிலோ வெயிலில் நிற்கும் பாடசாலைப் பயிற்றுவிப்பாளருக்கும் இது பொருந்தும்.

2025 ஆகஸ்ட் 1, தோர்ப்பின் 56ஆவது பிறந்த நாள். இந்தியாவுக்கு எதிரான ஓவல் டெஸ்டில் அன்றைய நாளை அவரது நினைவுக்கு ஒதுக்கினார்கள். அவர் அணிந்ததைப் போன்ற தலைப்பட்டிகளை ரசிகர்கள் அணிந்தனர். நெகிழ்வான அஞ்சலிதான். ஆனால் அந்தப் பரிவு அவருக்கு உயிருள்ளபோது கிடைத்திருக்க வேண்டியது.

மனம் தளர்ந்திருப்போர், இலங்கையில் 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணை அழைக்கலாம். உதவி கேட்பது தோல்வியன்று.