கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி

ஹாலில் கணவருக்கு மீட்டிங். அதே நேரத்தில் படுக்கையறையில் மனைவிக்கும் மீட்டிங். ‘பின்னாடி யாரோ பேசறாங்களே?’ என்று மேலதிகாரி கேட்டதும் லேப்டாப்போடு சமையலறைக்கு ஓடுவது, பெரும்பாலும் மனைவிதான். அங்கே குக்கர் விசில்!

உடனே சுவரில் ஃபோம் ஒட்டுகிறார்கள். சிலர் முட்டை அட்டை. இவை அறைக்குள் எழும் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அடுத்த அறைக்குப் போகும் பேச்சைத் தடுக்காது.

காற்று நுழையும் இடமெல்லாம் சத்தமும் நுழையும். கதவின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எவ்வளவு கனமான கதவானாலும் சுமார் 20 டெசிபலுக்கு மேல் சத்தம் குறையாது. கதவுக்கு அடியில் விரல் கனத்துக்கு இருக்கும் இடைவெளி கிட்டத்தட்ட அந்த அளவுதான். அங்கே ரப்பர் பட்டை, நிலையைச் சுற்றி ஸ்பாஞ்ச் டேப்... முதல் செலவு இதுவாக இருக்கட்டும். அதுவரை பழைய போர்வையைச் சுருட்டி வைக்கலாம். மேலே வென்டிலேட்டர் திறந்திருந்தால் இத்தனையும் வீண்!

இரண்டு காதையும் மூடும் ஹெட்போன் போட்டால், தன் குரல் சரியாகக் கேட்காமல் நாமே கத்துவோம். ஒரு காதைத் திறந்து வையுங்கள்.

நாளை யாருக்கு எப்போது மீட்டிங் என்று இரவே பேசி, கதவுள்ள அறையை முறை வைத்துக்கொள்ளுங்கள்.