சென்டினலீசு என்றொரு சொல் உண்டா?

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் தொல்குடியினரைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகளில் 'சென்டினலீசு' என்னும் சொல் ஓரினத்தின் இயற்பெயர்போல் ஆளப்படுகிறது. அஃது எம்மொழிச் சொல்? 'சென்டினல்' என்பது காவலனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தீவிற்கு இடப்பட்ட பெயர். சீனரைச் 'சைனீசு' ஆக்கும் விகுதியை அதனோடு ஒட்டி மக்கட்பெயர் சமைத்தனர். நாமோ அதன்மேல் 'அர்' விகுதியையும் ஏற்றிச் 'சென்டினலீசர்' என்கிறோம். 'சைனீசர்' என எழுதுவார் உளரோ? 1991இல் அம்மக்கள் தேங்காய்களை நேரிற் பெற்றுக்கொண்ட பின்னரும் அவர்தம் மொழி பதிவாகவில்லை. தம்மை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதைப் புறவுலகம் இன்றுவரை அறியாது. அறியாமையை ஒரு சொல்லால் மூடுவது அகராதிக் கலையாகாது.

ஏனைய பெயர்களின் நிலையும் இதுவே. 'ஜாரவா' என்பது அயலார் என்னும் பொருளில் அண்டை மக்களான பெரிய அந்தமானியர் இட்ட பெயர் என்பர். அம்மக்கள் தம்மை 'அங்' என்பர். ஆங்கில எழுத்து குறில் நெடில் காட்டாமையின் ஜாரவா, ஜராவா, ஜரவா என ஆளுக்கொரு வடிவம் எழுதி, எது சரியென வழக்காடுகிறோம். பெரிய நிக்கோபாரின் 'ஷோம்பென்' என்பதும் நிக்கோபாரியர் வழங்கிய பெயரை ஆங்கிலேயர் திரித்தது என்பர். அதனைக் கிரந்தம் நீக்கிச் 'சோம்பன்' என எழுதுவோர் தமிழ்ச் செவிக்கு அஃது என்ன பொருள் தரும் என்று எண்ணிப் பார்த்தனரா? அத்தீவுகளில் தமிழ்க் குழந்தைகளும் பயில்கின்றனர்.

அயற்சொல்லைத் தமிழோசைக்கு இயையத் திரிக்கத் தொல்காப்பியம் இடந்தருகிறது என்பர் சிலர். உண்மை. ஆனால் எச்சவியல் கூறுவது வடசொல்லைப் பற்றி. அது தமிழர் செவியிற் கேட்ட சொல். நாம் திரிப்பதோ ஆங்கில எழுத்துக்கூட்டலை. 'அங்' என மொழியிறுதியில் ஙகரமெய் வாராதெனின் 'அங்கர்' என்க. அதற்குத் தடையில்லை.

முதலாம் இராசேந்திரன் மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' இருக்கிறதே, நமக்கு உரிமை இல்லையா என்னும் வினாவும் எழும். நக்கவாரமும் பிறர் இட்ட பெயரே. ஆடையற்றோர் நாடு என அதற்குப் பொருள் விரித்துப் பெருமிதம் கொள்வோர், கார் நிக்கோபார் மக்கள் தம் தீவைப் 'பூ' என்றழைப்பதை ஓரடிக்குறிப்பிலேனும் சேர்த்ததுண்டா?

இனித் தொகுக்கப்பெறும் அகராதிகளில் இத்தகைய பதிவுகள்தோறும் 'பிறரிட்ட பெயர்' என்னும் குறியீடு இடம்பெறல் வேண்டும். தன்பெயர் தெரிந்தவழி அதுவே தலைச்சொல்லாகுக. வட சென்டினலுக்கு 'அத்தீவு மக்கள்' என்பதே போதும்.